வலி நின்றுவிட்டது

எண்பதுகளின் பிற்பகுதியில் ஆவடிப் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் அறுவை சிகிச்சை மருத்துவராக இருந்தேன். எனக்கு அப்போது மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பூந்தமல்லியில் ஒரு பட்டறையில் வேலை பார்த்த வெல்டர் ஒருவரை அவர் மனைவி ஆட்டோவில் அழைத்து வந்தார். கெண்டைக்காலில் தகரம் கீறிய சின்னக் காயம். சுற்றிலும் கொஞ்சம் சிவப்பு, வீக்கம், அவ்வளவுதான். ஆனால் மனுஷன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு துடித்தார்.

"இத்தினூண்டு காயத்துக்கு இன்னா கத்து கத்துறாரு" என்றார் பக்கத்துக் கட்டில்காரர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காயத்துக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லையென்றால், தோலுக்கு அடியில் சதை அழுகத் தொடங்கியிருக்கலாம். சிவப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். பென்சிலின் ஏற்றச் சொன்னேன். உடனே திறந்து பார்க்கலாமென்றால், தியேட்டரில் ஒரு பிரசவ ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது.

அது முடிவதற்குள் அவர் மனைவி ஓடிவந்தார், முகமெல்லாம் பல்லாக.

"டாக்டரம்மா, வலி நின்னுபோச்சு! மாதா கண்ணு தொறந்துட்டா. ஊட்டுக்கு இட்டுகினு போலாமா?"

போய்ப் பார்த்தால் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. நடுவில் தோல் கருநீலம். ஊசி முனையால் குத்தினேன். அவர் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

அந்தச் சந்தோஷத்தைப் பிடுங்குகிற பாவம் என் தலையில் விழுந்தது.

"வலி நின்னது நல்லதில்லம்மா. அங்க நரம்பு செத்துடுச்சு, அதான் வலிக்கல. அழுகின சதைய இப்பவே வெட்டி எடுக்கணும். விட்டா உயிரே போயிடும்."

"வலியே இல்லன்றாரு, வெட்றேன்றியே! நீயெல்லாம் டாக்டரா?"

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்துக் கணவரின் கருநீலத் தோலில் கிள்ள வைத்தேன். கணவர் அசையவில்லை. தொடையில் கிள்ளச் சொன்னேன். "ஐயோ" என்று துள்ளினார். அந்த அம்மாள் ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

உள்ளே சதை சாம்பல் நிறத்தில் இருந்தது. ரத்தம் கசிகிற நல்ல சதை வரும்வரை வெட்டினோம். மறுநாளும் வெட்டினோம். ஆள் பிழைப்பாரா என்று எனக்கே தெரியாது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சில நாள் கழித்துக் கட்டுப் பிரிக்கும்போது காயத்தின் ஓரத்தில் என் விரல் பட்டது. வார்டே அதிரக் கத்தினார். வெளியே நின்றிருந்த மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வலிக்குதாய்யா?"

"உயிர் போவுதுடி!"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார்.

"கத்துய்யா" என்றார். "நல்லா கத்து."