கண்ணாடியைத் தட்டிப் பார்த்தவர்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. நடந்தது என் அக்காவுக்கு. அவளுக்குப் பொய் சொல்லவே வராது. சொன்னால் காது மடல் சிவந்து ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். இதை அவள் சொல்லி முடிக்கும்வரை நான் அந்தக் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவக்கவில்லை. இன்னொன்று, பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். இது பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது.

அக்கா மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை பற்றிப் பாடம் நடத்துகிற டாக்டர். அவள் மாமனார் அதே கல்லூரியில் பேர்போன சர்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். பல வருடங்களுக்கு முன்னால், மேடையில் சுடப்பட்ட ஒரு தலைவரைக் காப்பாற்றப் போராடியவர் அவர். தலைவர் பிழைக்கவில்லை, சர்ஜனுக்குப் பேர் மட்டும் நிலைத்துவிட்டது. அவர் பெயரில் கல்லூரி ஓர் அருங்காட்சியக அறை திறக்க முடிவு செய்தது. அங்கே வைக்கப்போகிற பெரிய பொருள் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே, உடல் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில், தலைவரின் மார்புத் தோல், உள்ளங்கை அளவுக்கு. நடுவில் ஓர் ஓட்டை.

அதற்கு விளக்க அட்டை எழுதும் வேலை அக்கா தலையில் விழுந்தது.

"நெஞ்சுல குழாய் போட நான் வெட்டினதுன்னு எழுதும்மா. கோர்ட்லயும் அதான் சொன்னேன்" என்றார் மாமனார்.

கோர்ட்டில் அந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. முன்பக்க ஓட்டை டாக்டர் வெட்டியது என்றால், மிச்சம் இருப்பது முதுகில் இருந்த காயம்தான். அப்படியானால் குண்டு பின்னாலிருந்து வந்திருக்க வேண்டும். தலைவருக்குப் பின்னால் நின்றிருந்தது ஒரே ஓர் ஆள். அவனைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். முன்னால் நின்றவர்கள் எல்லாம் தலைவரின் சொந்த ஆட்கள். அவர்களில் ஒருவர் அடுத்த தலைவரும் ஆனார்.

அக்கா லென்ஸ் வைத்துப் பார்த்தாள். குண்டு உள்ளே போகிற இடத்தில் தோல் உரசி, ஓட்டையைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் விழும். கத்தி வெட்டினால் அது விழாது. இந்த ஓட்டையின் மேல்பாதி கத்தி வெட்டுதான். கீழ்ப்பாதியில்... வளையம்.

குண்டு போட்ட ஓட்டையைத்தான் மாமா அவசரத்தில் பெரிதாக்கிக் குழாயை விட்டிருக்கிறார். இதை எழுதினால் வீடு இரண்டுபடும். எழுதாவிட்டால், தப்பே செய்யாத ஒருவன் செத்த பிறகும் கொலைகாரனாகவே இருப்பான். நல்ல மருமகள் என்ன செய்வாளோ அதையே அக்காவும் செய்தாள். மாமா சொன்னபடி அட்டையை எழுதி ஒட்டிவிட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு வந்தாள். சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் மதியம் அறையைத் திறந்து, மாணவர்கள் தொந்தரவு செய்யாமல் இருக்க உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள்.

டொக்... டொக்...

ஒருவர் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் போடும் முன்பே உள்ளே வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் துடைக்கும் விதம் வேடிக்கையாக இருந்தது. கண்ணாடியை விரல் நுனியால் இரண்டு தட்டு. குனிந்து "ஃபூ" என்று ஓர் ஊதல். அப்புறம் துடைப்பு. அந்தப் புழுக்கத்திலும் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார்.

அப்போதுதான் ஜாடியைப் பார்த்தாள். அட்டை ஒட்டிய பக்கம் நேற்று வைத்தபடியே முன்னால் இருந்தது. உள்ளே இருந்த தோல் மட்டும் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மெழுகு வைத்து அடைத்த மூடி. அதில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஜாடிய தொட்டீங்களா?"

"இல்ல."

அவர் திரும்பினார். தலையைத் திருப்பவில்லை. உடம்பு முழுவதையும் திருப்பினார்.

"டாக்டரம்மா... முன்னாலயா, பின்னாலயா?"

"என்னது?"

அவள் கண் ஒரு நொடி அட்டையின் மேல் போனது. நிமிர்ந்தால், யாரும் இல்லை.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அன்று இரவு முழுக்க அவள் கண்ணை மூடவில்லை. யாரிடமும் வாயைத் திறக்கவும் இல்லை. சொன்னால், எதற்காக அந்தக் கேள்வி என்பதையும் சொல்ல வேண்டுமே.

அடுத்த நாள் போனதும் பழைய அட்டையைக் கிழித்தாள். புதியதை எழுதினாள். 'குண்டு நுழைந்த காயம். முன்புறம்.' எழுதி ஒட்டினாள்.

டொக்...

டொக்...

கண்ணாடியில் அவள் உருவம் தெரிந்தது. அதன் தோளுக்குப் பின்னால்... இன்னொரு முகம்.

திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

அந்த முகம் அட்டையைப் படித்தது. நிதானமாக. எழுத்தெழுத்தாக.

பிறகு, சரி என்பதுபோல் தலையை ஆட்டியது.

தலை கீழே போனது...

மேலே வரவில்லை.

காலரின் மேல் அப்படியே சாய்ந்து தொங்கியது.

ஜாடிக்குள், தோல் மெதுவாக முன்பக்கம் திரும்பியது.

அக்கா எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மாமனார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நேரே போய், "அட்டைய மாத்திட்டேன் மாமா. முன்புறம்னு எழுதிட்டேன்" என்றாள். அறையில் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கத்துவார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"மேடைக்கு மைக் கட்ட வந்தவம்மா, பின்னால நின்ன அந்த ஆளு" என்றார்.

அக்காவுக்கு அந்த விரல் நுனி ஞாபகம் வந்தது. இரண்டு தட்டு. ஓர் ஊதல். மைக்கைச் சோதிக்கிறவர்கள் செய்வது அதுதானே.

"தூக்குல போட்ட அன்னிக்கு, உயிர் போயிடுச்சான்னு பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டிருந்தாங்க. தூக்குமேடையில ஏறுறதுக்கு முன்னாடி நின்னு என்னைப் பார்த்தான். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்."

"என்ன கேட்டான் மாமா?"

"டாக்டரய்யா... முன்னாலயா, பின்னாலயான்னு."