தார்க் கொட்டகையின் விலாசம்

கெட்டில் துறையில் டன்னெட் தீவுக்குப் போகும் படகுக்கு டிக்கெட் கொடுக்கும் கிளெனிஸ் பெட்டிட்டுக்கு இரண்டு வேலை. ஒன்றுக்குச் சம்பளம் உண்டு. கார் வந்து நிற்கும், கண்ணாடி இறங்கும், டிக்கெட்டைக் கொடுத்து எந்த வரிசையில் நிற்பது என்று சொல்வாள். படகு அக்கரை போய்த் திரும்பும்வரை அந்த டிக்கெட் கூண்டுக்குள் அவளும் ஹீட்டரும்தான். அப்போது மடிக்கணினியைத் திறந்து சம்பளமில்லாத வேலையைத் தொடங்குவாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துபோட்டிருக்கும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் பழைய கை. அங்கே அவள் பெயர் கடற்காகம். டாஸ்மேனியாவின் கலங்கரை விளக்கங்கள், செத்துப்போன ஆப்பிள் வகைகள், ஓவியர்கள் என்று அவள் கைபடாத பக்கம் குறைவு. துறையில் ஒருவருக்கும் இது தெரியாது. அவள் சீட்டாடுகிறாள் என்றுதான் படகில் கயிறு கட்டும் நெவில் நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த எழுத்துக்காரர்களிடம் இரண்டு பிடிவாதங்கள் உண்டு. ஆதாரம் இல்லாமல் ஒரு வரிகூட ஏறக்கூடாது. எதை மாற்றினாலும் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். கிளெனிஸ் ஒரு காற்புள்ளியை எடுத்தால்கூடக் காரணம் எழுதுகிறவள். சாப்பாட்டுக்கு உப்புப் போடும்போதும் காரணம் சொல்வாளோ என்று எனக்குச் சந்தேகம்.

அவள் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த பக்கம் ஒன்று உண்டு. ரோவினா குவேல் என்ற நவீன ஓவியரின் பக்கம். பழைய தார்ப்பாய்களில் உருக்கிய தாரை ஊற்றி, ஆள் உயரத்துக்கு மேல் கறுப்புக் கடல்களாக வரைகிறவள். அவள் ஓவியங்கள் சிட்னியிலும் மெல்போர்னிலும் பெரிய கலைக்கூடங்களில் தொங்குகின்றன. அந்த ரோவினா தீவில்தான் இருந்தாள், வியாழக்கிழமை தவறாமல் படகேறிச் சாமான் வாங்க வருவாள், கிளெனிஸிடம் ஒரு செர்ரிப் பையை நீட்டி அரட்டை அடித்துவிட்டுப் போவாள். தன்னைப் பற்றிய பக்கத்தை எழுதுவது இந்த டிக்கெட்காரிதான் என்று அவளுக்கும் தெரியாது.

பக்கத்தில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. அவள் எங்கே வசிக்கிறாள் என்பது இல்லை. கிளெனிஸுக்குத் தெரியும், ஆனால் கண்ணால் பார்த்தது ஆதாரம் ஆகாது. ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ள ஒரு பேச்சுப் பக்கம் இருக்கும். அதில் ‘பழைய ரசிகன்’ என்று ஒருவர் மிக மரியாதையாகக் கேட்டுவந்தார்: “அருமையான பக்கம். ஓவியர் இப்போது எங்கே வேலை செய்கிறார் என்பது மட்டும் இருந்தால் முழுமையாகிவிடும்.” சில மாதங்கள் கழித்து இன்னொரு தடவை. இவ்வளவு அக்கறையாக வாசிக்கிற ஆள் கிடைப்பானா என்று கிளெனிஸுக்கு உள்ளூரப் பெருமை.

அந்த மார்ச்சில் தீவின் செய்தித்தாள் ஒரு கட்டுரை போட்டது. நாய் காணவில்லை விளம்பரத்துக்கும் சர்ச் கேக் விற்பனைக்கும் நடுவே, முனையில் இருக்கும் பழைய திமிங்கல எண்ணெய்க் கொட்டகையில் ரோவினா தார் காய்ச்சுகிறாள் என்று நாலு பத்தி. கிளெனிஸுக்குக் கை பரபரத்தது. இடத்தை எழுதி, செய்தித்தாளை ஆதாரமாகக் காட்டி, கடற்கரையிலிருந்து தான் எடுத்த கொட்டகைப் படத்தையும் சேர்த்தாள். மறுநாளே பழைய ரசிகனிடமிருந்து ஒரு நன்றி வந்தது.

அடுத்த வியாழக்கிழமை ரோ, கிளெனிஸ் ரோவினாவை அப்படித்தான் கூப்பிடுவாள், வந்தபோது செர்ரி இல்லை. முகத்தில் ரத்தமே இல்லை. நகரத்துக்குப் போகாமல் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நேரே கூண்டுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

“கிளெனிஸ், ஒரு உதவி செய்வியா? உசரமா, ஒல்லியா ஒரு ஆளு வந்து என்னைக் கேட்டான்னா எனக்கு ஒரு போன் அடி.”

“யாருடி அது? கடன்காரனா?”

“என் பழைய புருஷன். கிராண்ட்.” ரோ சிரிக்க முயன்றாள், வரவில்லை. “மூணு ஊரு மாத்திட்டேன். பேரையும் மாத்துனேன். படம் பிரபலமாச்சு, புதுப் பேரையும் கண்டுபிடிச்சுட்டான். அதுக்கப்புறம் என் கண்காட்சிக்கு நானே போறதில்ல. அந்த கலைக்களஞ்சியத்துல யாரோ ஒரு புண்ணியவான் இந்தக் கொட்டகையைப் படத்தோட போட்டு வெச்சிருக்கான்.”

கிளெனிஸ் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். “போலீஸ்ல சொல்லேன்.”

“கோர்ட் உத்தரவு முடிஞ்சு போச்சு. அவன் ஏதாவது செஞ்சா வர்றோம்ங்கிறாங்க. செஞ்ச பிறகு வந்து என்னத்தப் பண்ண?” சட்டைக் கழுத்தை லேசாக இறக்கினாள். தோள்பட்டையில் ஒரு பழைய தையல் தடம் ஓடியது. “கத்த மாட்டான், கிளெனிஸ். ரொம்ப மெதுவாப் பேசுவான். உன் பேரு தெரிஞ்சுட்டா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில அதை ஒட்டவெச்சுப் பேசுவான். அதை வெச்சே கண்டுபிடிச்சுடலாம்.”

நான்தான் அந்தப் புண்ணியவான் என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் இல்லை. கிளெனிஸ் சொல்லவில்லை. பயம். “சரி, பார்த்துக்கறேன்” என்று மட்டும் சொன்னாள்.

ரோவின் கார் படகில் ஏறியதும் மடிக்கணினியைத் திறந்தாள். இடத்தை எடுத்தாள், படத்தை எடுத்தாள். காரணம் என்ன என்று கட்டம் கேட்டது. இத்தனை வருஷப் பழக்கம், விரல் நிற்குமா? “வசிப்பிடம் நீக்கப்பட்டது. ஓவியர் தன் முன்னாள் கணவருக்குத் தெரியாமல் ஒளிந்து வாழ்கிறார். உயிருக்கு ஆபத்து.” பொத்தானை அழுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

படகு திரும்புவதற்குள் எந்த நாட்டிலிருந்தோ ஒரு கண்காணிப்பாளர் அத்தனையையும் திரும்ப ஏற்றியிருந்தார். ஆதாரமுள்ள தகவலை அழிக்க வேண்டாம், பேச்சுப் பக்கத்தில் விவாதிக்கவும் என்று ஒரு குறிப்பு. கிளெனிஸ் பேச்சுப் பக்கத்துக்கு ஓடினாள். இந்தச் செய்தித்தாள் தீவையும் இந்தத் துறையையும் தாண்டிப் போவதில்லை, அதனால் அந்த ஆளுக்கு இதுவரை தெரிந்திருக்க வாய்ப்பில்லை, தயவுசெய்து அவர் பார்ப்பதற்குள் எடுத்துவிடுங்கள் என்று நீளமாக எழுதிப் பதித்தாள். பிறகு தான் எழுதியதைத் தானே வாசித்தாள். அதற்கு நேர்மேலே பழைய ரசிகனின் கேள்வி இருந்தது.

இந்த ரசிகன்தான் கிராண்டோ? மரியாதையாகக் கேட்டவன். இரண்டு தடவை கேட்டவன். நன்றி சொன்னவன். இந்தப் பக்கத்தில் யார் எதை மாற்றினாலும் அவனுக்குத் தகவல் போகும்படி அவன் வைத்திருக்கலாம். அழித்தாலும் பழைய வடிவம் பக்கத்தின் திருத்த வரலாற்றில் அப்படியே இருக்கும், காரணத்தோடு இருக்கும். இடத்தைக் கொடுத்தது போதாதென்று, ரோ பயந்துபோயிருக்கிறாள், ஒளிந்து வாழ்கிறாள் என்பதையும் இவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வரலாற்றிலிருந்தே துடைத்தெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு ரகசியமாக எழுத வேண்டும் என்பது விதி. அதை அவள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், தனக்கு வந்தபோது மறந்துபோனாள். எழுதினாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் சுவடே இல்லாமல் போனது. ரோவுக்கு போன் அடித்தாள், முனையில் சிக்னல் கிடைக்கவில்லை. உண்மையில் கிடைக்காமல் போனதில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதி. காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று படுத்தவள் ஒரு கண்கூட மூடவில்லை.

காலையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. உயரமாக ஒருவர், சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. அவள் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“குட் மார்னிங், கிளெனிஸ். தீவுக்கு ஒரு டிக்கெட். நல்ல குளிர், இல்லையா, கிளெனிஸ்?”

டிக்கெட் கட்டு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. “படகு ஃபுல் ஆயிடுச்சு. அடுத்ததுலதான்.”

அந்த நேரம் பார்த்து நெவில் வந்து சேர்ந்தான். “எது, மகாராணி, படகா? ஃபுல்லா? பாதி டெக்குல ஃபுட்பால் ஆடலாம்! ராத்திரி பூரா சீட்டாடிட்டுத் தூக்கக் கலக்கமா?”

கிளெனிஸ் அவனைப் பார்த்தாள். என்ன கண்டானோ, அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் காரின் பக்கம் குனிந்தான். “அட, மறந்தே போயிட்டேன் சார். பெட்ரோல் லாரி போகுது. அது ஏறினா வேற காரு ஏத்தக் கூடாது, ரூல்ஸு. அந்த ரெண்டாம் வரிசையில நில்லுங்க.”

“பரவாயில்லை. காத்திருந்து பழக்கம்தான், கிளெனிஸ்” என்றார் அவர், நெவிலைப் பார்க்காமலே.

கூண்டுக்குப் பின்னால் நெவில் கிசுகிசுத்தான். “என்ன விஷயம்? பேயடிச்ச மாதிரி இருக்க.”

“ரோவைத் தேடி வந்திருக்கான். அடிக்கிறவன். உன் வண்டி அந்தக் கரையில நிக்குதா?”

நெவில் உடனே சாவியைக் கொடுத்தான். துறையில் நெவிலை வாயாடி என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அவன் இதை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. கிளெனிஸ் கூண்டைப் பூட்டிவிட்டு, கிராண்ட் கண்ணில் படாமல் எஞ்சின் அறை வழியாகப் படகேறினாள்.

கொட்டகையில் ரோ தார் காய்ச்சிக்கொண்டிருந்தாள். “வந்துட்டான்” என்றதும் அடுப்பை அணைத்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து தயாராக வைத்திருந்த பையை இழுத்தாள்.

“ரோ, அந்தப் பக்கத்தை எழுதுனது நான்தான். படம் எடுத்ததும் நான்தான். தெரியாமப் பண்ணிட்டேன்டி.”

ரோ நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று கிளெனிஸ் காத்திருந்தாள், திட்டினால் தேவலை என்றிருந்தது. “அடுத்த படகு எப்ப?” என்று மட்டும் ரோ கேட்டாள்.

தீவுக்கு ஒரே படகு. அவன் இறங்குகிற படகில்தான் இவள் ஏற வேண்டும். நெவிலின் வண்டியின் பின்பக்கத்தில் ரோ படுத்துக்கொண்டாள். கிளெனிஸ் பாதி வரைந்த ஒரு தார்ப்பாயை அவள்மேல் இழுத்துவிட்டாள்.

தீவுத் துறையில் படகு வந்து, வண்டிகள் இறங்கும் பலகை இறங்கியது. முதல் கார் அவனுடையது. கையெட்டும் தூரத்தில் வந்ததும் நின்று கண்ணாடி இறங்கியது.

“அட, நீங்களா? எப்படி எனக்கு முன்னாடி வந்தீங்க, கிளெனிஸ்?”

“தங்கச்சி வீட்டுக்கு... மருந்து குடுக்க வந்தேன்.”

அவன் மூக்கை லேசாக உறிஞ்சினான். “தார் வாசனை அடிக்குதே, கிளெனிஸ்.”

“நெவில் வீட்டுக் கூரை ஒழுகுது. தார் அடிக்கணும்.” தன் குரல் யாருடையதோ போல் அவளுக்குக் கேட்டது.

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் பின்பக்கம் போயிற்று. தார்ப்பாய் அசையவில்லை. மூச்சுகூட விடாமல் கிடக்கிறாள் என்று கிளெனிஸுக்குத் தெரிந்தது. பின்னால் நின்ற பால் வண்டிக்காரன் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினான்.

“முனைக்கு எந்த வழி, கிளெனிஸ்?”

“நேராப் போயி இடது பக்கம்” என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். கார் நகர்ந்தது. நெவில் அவளை ஏற்றிய கையோடு பலகையைத் தூக்கிவிட்டான், காத்திருந்த மற்ற வண்டிகள் திட்டத் திட்ட.

கெட்டில் துறையில் இறங்கி, நகரத்துக்குப் போகும் பஸ் நிற்கும் இடம்வரை நெவிலின் வண்டியிலேயே போனார்கள். ரோவின் கன்னத்திலும் கையிலும் தார் அப்பியிருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எங்கடி போற?” கிளெனிஸ் அழுதுகொண்டே கேட்டாள். “போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லு. ஒரே ஒரு வார்த்தை.”

“சொல்ல மாட்டேன், கிளெனிஸ்.” ரோவுக்குக் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “நீ நல்லவதான். ஆனா உனக்கு ஒண்ணு தெரிஞ்சா அது ஊருக்கே தெரியணும் உனக்கு.”

கிராண்ட் காலியான கொட்டகைக்குள் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். போகும்போது கூண்டருகே நிறுத்தி, “உங்க உதவிக்கு நன்றி, கிளெனிஸ்” என்றான். எந்த உதவிக்கு என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ரோவினா குவேல் பெயரில் புதிய படம் எதுவும் எந்தக் கூடத்திலும் வரவில்லை. பயத்தில் வரைவதை விட்டுவிட்டாளா, வேறு பெயரில் வரைகிறாளா, அவன் கையில் சிக்கிவிட்டாளா, ஒன்றும் தெரியாது. கிளெனிஸ் இன்னும் அந்தக் கூண்டில்தான் இருக்கிறாள். கண்ணாடி இறங்கி யாராவது மெதுவாகப் பேசினால் கையில் இருப்பதைக் கீழே போடுகிறாள். படகு அக்கரை போன நேரங்களில் மடிக்கணினியைத் திறந்து ரோவின் பெயரில் முதல் எழுத்தைத் தட்டுவாள். இவள் தேடுவது எங்கேயாவது பதிவாகி, அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவன் போய்விடுவானோ என்று பயந்து, அந்த எழுத்தையும் அழித்துவிடுவாள்.