பாதி டிக்கெட் கேட்டவள்

என் தங்கை அன்னபுஷ்பம் அச்சடித்த எதையும் படிக்காமல் விடமாட்டாள். தீப்பெட்டி, உர மூட்டை, பஸ்ஸில் எழுதியிருக்கும் எச்சரிக்கை, எல்லாம் அவளுக்குப் பாடம்தான். நாங்கள் இருவருமே ஐந்தாவது வரைதான் போனோம். நான் படிப்பை அங்கேயே விட்டேன், அவள் விடவில்லை.

பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எழுபதுகளின் தொடக்கத்தில் நடேசன் என்பவர் ஊர் எல்லையில் டூரிங் டாக்கீஸ் போட்டார். மணலில் உட்கார்ந்தால் தரை டிக்கெட், பின்னால் பெஞ்ச், அதற்கும் பின்னால் நாற்காலி. நாங்கள் தரை. முதல் நாளே அவள் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, கேள்விக்கு வரின்னு போட்டுக்கீது பாரு. கேள்வி கேட்டா வரியா?"

அவள் வீட்டுக்காரர் லாசர் சிரித்துவிட்டார். "நீ கேக்குற கேள்விக்கு வரி போட்டா நம்ம வூடு ஏலத்துக்குப் போயிடும்."

வெளிச்சத்தில் நான் வாங்கிப் பார்த்தேன். 'கேளிக்கை வரி' என்று இருந்தது. கேளிக்கை என்றால் என்னவென்று எனக்கும் தெரியவில்லை. மறுநாள் அவளே பள்ளிக்கூடத்து வாத்தியாரைக் கேட்டுக்கொண்டு வந்தாள். சினிமா பார்ப்பதற்கு அரசாங்கம் போடும் வரியாம். டிக்கெட் விலையிலேயே சேர்ந்திருக்குமாம். அரசாங்கம் வசூலித்து, பெரும்பங்கை ஊராட்சிக்கே திருப்பிக் கொடுத்துவிடுமாம்.

அப்போது அவள் தலைச்சன் பிள்ளை உண்டாகியிருந்தாள். கார்த்திகையில் நாள். எங்கள் ஊரில் ஊராட்சி நடத்திய பிரசவ விடுதி ஒன்று இருந்தது. நர்ஸ் ராஜம்மா அங்கேயே தங்கியிருந்தார். ஆவணியில் ஒரு செய்தி வந்தது. ஊராட்சிக்கு வருமானம் இல்லை, ஐப்பசியோடு விடுதியை மூடுகிறார்கள், பிரசவம் என்றால் இனி ஸ்ரீபெரும்புதூர்தான். கார்த்திகையில் எங்கள் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் பாதையில் நிற்கும். மாட்டு வண்டிகூடப் போகாது. அவள் ஊராட்சித் தலைவர் வரதராஜுலுவைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள். நானும் கூடப் போனேன்.

"வருமானம் இல்லைன்னா, கொட்டகை வரி எங்க போச்சு தலைவரே?"

"கொட்டகைக்கு இன்னா பெரிய கூட்டம் வருது? பாதி நாள் காலியா கீதுன்னு நடேசன் கணக்குக் குடுத்துக்கிறாரு."

"காலியா? நேத்து உங்க வூட்டம்மா முதுகத்தான் பாத்துக்கினு இருந்தேன். படம் எங்க தெரிஞ்சுது?"

தலைவர் மனைவி உள்ளே சிரித்தது வாசல்வரை கேட்டது. தலைவர் சிரிக்கவில்லை.

அவ்வளவு கூட்டமும் கணக்கில் மட்டும் எப்படிக் காணாமல் போகிறது? அன்னபுஷ்பத்துக்கு அதைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். அன்று சாயங்காலம் மறுபடி கொட்டகைக்குப் போனோம். கவுன்ட்டரில் வாங்கிய டிக்கெட்டை அவள் முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இப்பதான் குடுத்தான், அதுக்குள்ள நாலா மடிஞ்சு கீது. வெத்தல வாசனை வேற."

உள்ளே போய் அவள் திரைக்கு முதுகு காட்டி, வாசலைப் பார்க்க உட்கார்ந்தாள். வாசலில் நின்ற ஆள் யார் டிக்கெட்டையும் கிழிக்கவில்லை. முழுசாக வாங்கிப் பைக்குள் போட்டான். பை நிறைந்ததும் அது கவுன்ட்டருக்குப் போயிற்று. அதே டிக்கெட் அடுத்தவர் கைக்கு வந்தது. எத்தனை பேர் கை மாறினாலும் கணக்கில் அது ஒரே டிக்கெட்தான், மற்றவர்கள் கொடுத்த வரி நடேசனிடமே நின்றுவிட்டது.

மறுநாள் வாசலில் அவள் டிக்கெட்டை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"கிழிச்சுப் பாதியக் குடு."

"பாதிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? கஞ்சி காச்சுவியா?"

"அதுல என் பிரசவம் கீது. கிழி."

பின்னால் நின்ற கிளியம்மாள் எங்கள் தெருதான். அவளும் பிள்ளைத்தாச்சி, தையில் நாள். "எனக்கும் கிழி" என்றாள். வரிசை நின்றுவிட்டது. படம் போட நேரமாகிறது என்று ஆண்கள் கத்தினார்கள். நடேசன் வந்தார்.

"இந்த ராங்கியெல்லாம் இங்க வேணாம். கொட்டகையப் பிரிச்சுக்கினு குன்றத்தூர் போயிடுவேன்."

"ஏம்மா, இருக்கிற ஒரு படத்தையும் கெடுக்கிறியே!" என்றது ஒரு குரல்.

அன்னபுஷ்பம் அந்தப் பக்கம் திரும்பினாள். "அண்ணே, வரி நீ குடுத்தாச்சு, நானும் குடுத்தாச்சு. தரையில குந்துற நம்ம வரி அவர் பொட்டியில தூங்குது. வருமானம் இல்லைன்னு ராஜம்மாவ அனுப்புறாங்க. உன் பொண்ணு பிரசவத்துக்கு எங்க போவும்?"

அந்த ஆள் தன் டிக்கெட்டை நீட்டி, "கிழிடா" என்றார். அன்று முதல் எல்லா டிக்கெட்டும் கிழிந்தன. நடேசன் எங்கும் போகவில்லை. எங்கள் ஊர்க் கூட்டம் அவருக்கு வேறெங்கே கிடைக்கும்?

ஐப்பசியில் ஊராட்சிக் கூட்டம். பெண்கள் பாதி டிக்கெட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு போய்த் தலைவரின் மேசையில் கொட்டினார்கள். காலி என்று கணக்குக் கொடுத்த நாட்களுக்கு இதுதான் சாட்சி, வரிக்காரரை அழைத்துக் கொட்டகையைச் சோதிக்கவேண்டும், அதுவரை விடுதியை மூடக்கூடாது என்று அன்னபுஷ்பம் சொன்னாள். தலைவர் குவியலையும் அவள் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். சோதனைக்கு எழுதிப் போடுவதாகவும், மார்கழி முடியும்வரை விடுதி இருக்கும் என்றும் சொன்னார்.

கார்த்திகையில் ஏரி வழிந்தது. பாதை தெரியவில்லை. வலி எடுத்தபோது நான் அவளைத் தெருவோடு நடத்தியே விடுதிக்குக் கூட்டிப்போனேன். பொழுது விடிவதற்குள் ராஜம்மா கையில் பெண் குழந்தை அழுதது.

"பொண்ணு. உன்ன மாதிரியே சத்தம்" என்றார் ராஜம்மா.

அவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு ராஜம்மாவைப் பார்த்தாள்.

"தையில நீங்க இருப்பீங்களா சிஸ்டர்?"

"அடிப்பாவி, இப்பவே அடுத்ததா?"

"எனக்கில்ல, கிளியம்மாளுக்கு."

ராஜம்மா துணியை மடித்துக்கொண்டே, மார்கழி வரைக்கும்தான் உத்தரவு, அதற்கு மேல் தெரியாது என்றார். அன்னபுஷ்பம் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, வரிக்காரர் வந்துட்டாரான்னு தலைவரை ஒரு வார்த்த கேட்டுட்டு வா."

குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நான் தலைவர் வீட்டுக்குப் போனேன்.