கருங்காலிக்கு விழுந்த அடி

தூண்டில் கம்பில் ரீல் உட்காருகிற இடத்துக்கு ரீல் சீட் என்று பெயர். ஒரு சாண்கூட வராத மரத்துண்டு. அதை லேத்தில் கடைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. அயனம்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. கூட வேலைக்கு என் மனைவியின் தம்பி. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு கடைந்த கை என்னுடையது. மரம் கடைய யாரும் சொல்லித்தரவில்லை, கெடுத்துக் கெடுத்து நானே கற்றுக்கொண்டேன்.

ஈட்டி மரம்தான் எனக்கு எமன். அதன் தூள் பட்டால் முதலில் கண் வீங்கும், அப்புறம் கழுத்து தடிக்கும், அப்புறம் மூச்சு. "உன் நெஞ்சுக்குள்ள யாரோ விசில் ஊதிகினே கீறாங்கய்யா" என்பாள் மனைவி. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "எந்த மரத்தூளும் உங்களுக்கு ஆகாது. ஈட்டி ஆளையே முடிச்சிடும். லேத்தை விட்டுடுங்க."

நான் பாதியைத்தான் காதில் வாங்கினேன். ஈட்டியை விட்டேன், லேத்தை விடவில்லை. மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, "இதான் கடைசி ஆர்டர்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

அந்தச் சமயத்தில் பார்க்கிறவர் கழுத்திலெல்லாம் கருங்காலி மாலை. ஏரிக்கரை அடுக்குமாடியில் இருக்கும் ஐ.டி. வேலைக்காரர் ஒருவர், தூண்டிலுக்கும் கருங்காலிதான் வேண்டும், யோகமாம் என்றார். மச்சான் சென்னீர்குப்பம் பக்கம் ஒரு கடையில் பத்துத் துண்டு வாங்கி வந்தான். நல்ல மை போல் கறுப்பு.

மறுநாள் காலை முதல் துண்டை மாட்டி உளியை வைத்தேன். கறுப்பு மேலோடு சுருண்டு விழுந்தது. அடியில் ஊதாச் சிவப்பு வரி. சாயம் ஏற்றிய ஈட்டி. எனக்குப் புரிவதற்குள் கொட்டகை முழுக்கத் தூள். கண் மூடிக்கொண்டது. தொண்டைக்குள் யாரோ முஷ்டியைச் செருகிவிட்டார்கள்.

மச்சான் தெரிந்தேதான் இதை வாங்கி வந்திருக்கிறான் என்று தோன்றிவிட்டது. சட்டையைக் கொத்தாகப் பிடித்து அவனைத் தகரச் சுவரில் மோதினேன்.

"கருங்காலிடா நீ!"

எஸ்டேட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: கூட நின்றவனைக் காட்டிக்கொடுக்கிறவன். அதைச் சொன்னதற்காக ஸ்டிரைக்கின்போது பல் உடைந்ததைப் பார்த்தவன் நான். மச்சானோ எந்தக் கம்பெனி வாசலையும் மிதித்ததில்லை.

"ஆமா மாமா! ஒரிஜினல் கருங்காலி! கடக்காரன் சத்தியம் பண்ணிக் குடுத்தான்!"

வாயிலேயே குத்தினேன். உதடு கிழிந்தது.

"கருங்காலி நாயே!"

"அதான் மாமா நானும் சொல்றேன்! அதுக்கு இன்னாத்துக்கு அடிக்கிற?"

கையில் அகப்பட்ட கட்டையால் காதோடு சேர்த்து ஒன்று விட்டேன். ரத்தம் தோளில் வழிந்தது. அவனும் சும்மா இருக்கவில்லை, அடிவயிற்றில் உதைத்தான். திரும்ப ஓங்கப் போனேன், கை ஏறவில்லை. காற்று வெளியே போனது, உள்ளே வரவில்லை. முழங்கால் மடங்கியது.

அவன்தான் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ரத்தத்தைப் பார்த்து அவனைப் படுக்க வைக்கப் போனார்.

"எனுக்கு ரத்தம்தான் மேடம்! அவருக்கு மூச்சே இல்ல, அவரப் பாரு!"

இரண்டு நாள் கழித்து வீடு திரும்பினேன். மாலையே கொட்டகைப் பக்கம் போய் லேத்தின் மேலிருந்த தூளை ஈரத்துணியால் துடைக்க ஆரம்பித்தேன். பின்னால் மச்சான். காதில் தையல், கையில் சம்மட்டி.

"ஒதுங்கு மாமா."

"இன்னாடா பண்ணப் போற?"

"நீ மறுபடியும் கடைசி ஆர்டர்னு உக்காருவ. எங்கக்காவ தாலியில்லாம என்னால பாக்க முடியாது. ஒதுங்கு."

முதல் அடியில் மோட்டார் பெயர்ந்தது. இரண்டாவதில் மரம் மாட்டுகிற தலை கோணிக்கொண்டது. என் மனைவி வாசலில் கைகட்டி நின்றாள். அவன் சம்மட்டியை ஓங்கும்போதெல்லாம் என் நெஞ்சு தானாகக் காற்றை இழுத்தது. அடி விழுந்ததும் விட்டது. விசில் இல்லை. வார்ப்பிரும்பு விரிசல் விட்டது, ஆனால் உடையவில்லை. அவன் கை ஓய்ந்து என்னைப் பார்த்தான்.

"அந்தப் பக்கமா ஒண்ணு போடு" என்றேன்.