சுவரைப் பார்த்து நின்ற பீப்பாய்

எங்கள் கடையின் பின்னறையில், ஜன்னலுக்கு அடியில், சிமெண்டுத் தரையில் ஒரு துருவட்டம் இருக்கிறது. பீப்பாய் நின்ற இடம். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பிறர் துணியில் கறை எடுத்துப் பிழைத்த எனக்கு இது வேண்டியதுதான் என்று விட்டுவிட்டேன். அந்தப் பீப்பாயை நான் எப்போதும் ஒரே விதமாகத்தான் நிறுத்துவேன். சீட்டு ஒட்டிய பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்.

மட்டாஞ்சேரியில் நான் நடத்துவது டிரை கிளீனிங் கடை. தண்ணீர் படக்கூடாத பட்டுச் சேலைகளையும் கோட்டுகளையும் வெளுக்க நாங்கள் பயன்படுத்திய திரவத்தைத் தொழிலில் பெர்க் என்போம். நிறமில்லாதது, லேசாக இனிக்கும் வாடை, தண்ணீரைவிடக் கனம். வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். சீட்டில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை முதல் பீப்பாய் வந்த அன்றே வாசித்தேன். ஆவியை முகரக் கூடாது, கல்லீரலையும் நரம்பையும் கெடுக்கும், புற்றுநோய் வரலாம், மண்ணிலோ நீரிலோ விடக் கூடாது. எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு படங்கள். நெஞ்சு வெடித்த ஒரு மனித உருவம். செத்துக் கிடக்கும் ஒரு மீன். எழுத்தை விடுங்கள், படம் யாருக்கும் புரியும். அதனால்தான் பீப்பாயைத் திருப்பி வைத்தேன். பார்த்தால் வேலைக்கு ஆள் நிற்காது. வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

மெஷினை ஓட்டியவர் சேச்சி. என்னைவிட இளையவர்தான், ஆனாலும் கடையில் எல்லோருக்கும் அவர் சேச்சி, அக்கா; எனக்கும். என்னைப் போலவே கொச்சியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம். மலையாளம் சரளமாக வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. துணி உலர்ந்ததா என்று அறிய அவருடைய மூக்குதான் எங்களுக்கு மீட்டர். மெஷின் கதவைத் திறந்ததும் தலையை உள்ளே நுழைத்து, கோட்டின் அக்குளிலும் சேலை மடிப்பிலும் முகத்தைப் புதைத்து முகர்வார். வாடை இருந்தால் "கெடக்கட்டு" என்பார், இல்லாவிட்டால் "போகட்டு". கல்யாண சீசனில் மெஷின் உலர்த்தி முடிக்கும் முன்பே கதவைத் திறக்கச் சொன்னவன் நான். மழைக்காலத்தில் ஈரக்காற்று வருகிறதென்று ஜன்னலைச் சாத்தியவனும் நான். பழகிப்போன மூக்குக்கு வாடை எட்டாது என்பதும் படித்த எனக்குத் தெரியும். மாலையில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

"கள்ளுஷாப்புக்குப் போகாமலே கிறங்குது மொதலாளி. இந்தச் சுகம் வேற எந்தக் கடையில கிட்டும்?"

நான் சிரிப்பேன். மோர் குடிக்கச் சொல்வேன்.

ஒரு மழைநாளில் மெஷின் முன்னாலேயே விழுந்துவிட்டார். அவருடைய மகளும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தைச் சோதித்துக் கல்லீரல் பாதித்திருப்பதாகச் சொன்னார்கள். என்ன வேலை என்று டாக்டர் கேட்டபோது நான் முந்திக்கொண்டு, "தேய்ப்பு வேலை" என்றேன். குடிக்கிற பழக்கம் உண்டா என்பது டாக்டரின் அடுத்த கேள்வி. சேச்சி இல்லையென்று தலையாட்டினார். மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் மாலையில் தள்ளாடி வீடு வரும் அம்மா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் சாயா கொண்டுவந்து வைத்தாள். "மொதலாளி, நீங்களாவது நேரைச் சொல்லுங்க. கடையில வெச்சுக் குடிக்கறதுண்டா அம்மா?"

"அவரை எதுக்குடி கேக்கற?" என்று கட்டிலில் இருந்து சேச்சி சொன்னார். "நான் அடிச்ச தமாஷ் எனக்கே வந்து விழுந்திருக்கு."

அந்தச் சாயாவை என்னால் குடிக்க முடியவில்லை. எழுந்து கடைக்குப் போய்ப் பீப்பாயைத் திருப்பினேன். சீட்டை பிளேடால் உரித்தெடுத்துக்கொண்டு திரும்பி வந்து, அவர் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். சேச்சி படங்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு சீட்டை என்னிடமே நீட்டினார்.

"வாசிங்க."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். மண்ணிலும் நீரிலும் விடக் கூடாது என்ற வரி வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். மெஷினில் படியும் கசண்டைக் கொல்லைக் கிணற்றோரம் குழி வெட்டிக் கொட்டும்படி வருஷக்கணக்காக அவரிடம் சொல்லிவந்தவன் நான். அக்கம்பக்கத்து வீடுகளும் அந்தக் கிணற்றில்தான் இறைக்கின்றன.

"கொட்டலை," என்றார் சேச்சி. "நாலு வீட்டுக்காரங்க குடிக்கற வெள்ளம். மனசு வரலை. தகரப் பாட்டையில அடைச்சு, மூடியை இறுக்கி ஷெட்டுல வெச்சிருக்கேன். மொதலாளி அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாத்தானே?" மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்போ எனக்குக் குடிகாரிப் பட்டம் வாங்கித் தந்தது நீங்கதான்," என்றார்.

"ஆமாம்."

"இவளும் நிக்கும்போது அதை டாக்டர்கிட்டச் சொல்லணும்."

மறுநாள் இருவரையும் கூட்டிப்போய்ச் சொன்னேன். டாக்டர் திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். அவர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். வெளியே வந்ததும் மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்காக இருவரும் காத்திருக்கவில்லை, முன்னால் நடந்துவிட்டார்கள்.

சில மாதங்களில் கல்லீரல் தேறியது. கிணற்று நீரைச் சோதனைக்கு அனுப்பினேன். அதில் எதுவும் கலக்கவில்லை என்று வந்தது. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தவன் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. பின்னாளில் வேறேதும் வராது என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதனால் வருஷா வருஷம் பரிசோதனைக்கு நானே கூட்டிப்போகிறேன். இதுவரை குறையில்லை. ஒவ்வொரு முறையும் அந்த முடிவு வந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.

பீப்பாயும் பாட்டைகளும் நச்சுக்கழிவு எடுக்கும் லாரியில் போய்விட்டன. இப்போதுள்ள மெஷின் தண்ணீரிலேயே பட்டுத்துணியை வெளுக்கிறது. அது வந்த பிறகுதான் சேச்சி வேலைக்குத் திரும்பினார். ஜன்னல் திறந்தே கிடக்கிறது. சோப்புக் கேனை அவர் அந்தத் துருவட்டத்தின் மேல்தான் வைக்கிறார், சீட்டு அறையைப் பார்த்து இருக்கும்படி. புதுக் கேன் வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார். முந்தாநாளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து முழுதும் வாசித்தேன்.

"நெஞ்சு வெடிச்ச ஆளு இல்லையே?"

"இல்லை சேச்சி."

"மீனு?"

"மீனும் இல்லை."

அதன் பிறகுதான் மூடியைத் திறந்தார்.