பிசின் பூசாத வில்கள்

ரௌனி பெல்தோலாவைப் பற்றி ஹார்யுவேசி ஊரில் யாரும் உயர்வாகச் சொன்னதில்லை, தாழ்வாகவும் சொன்னதில்லை. ஊர் இசைக்குழுவில், இரண்டாம் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில், முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள். அந்த நாற்காலிக்காரி தப்பாக வாசித்தால்தான் அங்கே ஒருத்தி இருப்பதே வெளியே தெரியும். ரௌனி தப்பாக வாசிப்பதில்லை.

அப்பா பால் கூட்டுறவுக்கு லாரி ஓட்டினார். வீட்டில் ரேடியோவைத் தவிரச் சத்தம் போடும் சாமான் கிடையாது. நகராட்சி இசைப்பள்ளி இரவலாகக் கொடுத்த வயலினில்தான் அவள் கற்றுக்கொண்டாள். அதை உபகாரம் என்று அவள் நினைத்ததே இல்லை. நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல எடுத்தாள், வாசித்தாள், பெரிய அளவு வயலின் வேண்டியிருந்தபோது சின்னதைத் திருப்பிக் கொடுத்தாள். இசைக்குழுவில் ஆள் எடுத்தபோது திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கச் சொன்னார்கள். காலடிச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று காலணியைக் கழற்றிவிட்டுப் போனாள். காதால் மட்டும் கேட்டுத் தன்னை எடுத்தார்கள் என்பதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள்.

ஐம்பத்தாறு வயதில் வலது தோள் போயிற்று. வில் பிடிக்கும் கை. தசைநார் கிழிந்து, ஊசி போட்டு, அறுவை செய்து, மாதக்கணக்கில் பயிற்சி செய்தும், ஒரு கச்சேரி முழுக்கக் கையைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை. அந்த வயதில் அப்படிக் கிழிந்த தோள் பழையபடி ஆகாது. ஆகும் என்று சொன்னவர்கள் எல்லாம் உறவுக்காரர்கள், மருத்துவர் சொல்லவில்லை.

அப்போதுதான் இசைக்குழுவின் மேலாளர் இல்போ, பள்ளிக்கூடங்களுக்குப் போகிறாயா என்று கேட்டான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரவல் வயலின், வாரம் ஒரு பாடம், வசந்தத்தில் குழுவோடு சேர்ந்து ஒரு மேடை. ரௌனிக்குப் பிள்ளைகள் என்றால் பிரியம் என்று சொல்வதற்கில்லை. ஓய்வூதியம் வரைக்கும் இசைக்குழுவில் இருக்க அது ஒன்றுதான் வழி என்பதால் ஒப்புக்கொண்டாள்.

அவள் சிரித்துப் பேசமாட்டாள், நன்றாக வாசித்தால் ஒட்டும் படம் கொடுக்கமாட்டாள். கடைசி நாற்காலியில் உட்கார வந்த புது ஆளிடம் பேசுவது போலத்தான் ஒன்பது வயதுப் பிள்ளையிடமும் பேசுவாள். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. முதல் பாடமாக அவள் கற்றுக்கொடுத்தது பிசின். வில்லில் இருப்பது குதிரையின் வால் மயிர்; வழுவழுப்பானது. தேன் நிறக் கட்டியாக இருக்கும் பைன் மரப் பிசினை அதில் தேய்த்தால்தான் தந்தியைப் பற்றிக்கொண்டு சத்தம் எழுப்பும். தேய்க்காவிட்டால் நாள் முழுக்க இழுத்தாலும் ஊமைதான். பிள்ளைகள் பிசினை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், தேவைக்கு மேலேயே தேய்ப்பார்கள்.

அந்த வருடம் பண நிலவரம் மோசம். வசந்த கால நிகழ்ச்சி நிரலில் மார்ச் கச்சேரிக்கு 'ஊரே வாசிக்கிறது' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். இசைக்குழுவோடு நாற்பது பிள்ளைகள், ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு, முதல் வரிசையில் நகரமன்ற உறுப்பினர்கள். பள்ளிக்கூட வேலைக்கு இனிப் பணம் ஒதுக்குவதா என்று மன்றம் அதற்கு மறு வாரம் முடிவு செய்யவிருந்தது. பிள்ளைகளுக்கென்றே ஓர் உருப்படி எழுதி வாங்கியிருந்தார்கள். விரல் வைக்காமல் வெறும் தந்திகளிலேயே வாசித்துவிடலாம்.

முதல் கூட்டு ஒத்திகையில் நாற்பது வயலினும் ஒன்றாக எழுந்தபோது, எண்ணெய் காணாத தொழுவக் கதவைத் திறந்தது போல இருந்தது. ரௌனிக்குத் திருப்திதான். தாளம் தப்பவில்லை, எல்லோரும் ஒன்றாகத் தொடங்கினார்கள், ஒன்றாக நிறுத்தினார்கள். தலைநகரிலிருந்து வந்திருந்த புது இசை நடத்துநர் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார், கைதட்டினார், பிறகு நேராக இல்போவின் அறைக்குப் போனார்.

மறுநாள் இல்போ ரௌனியைக் கூப்பிட்டுக் காப்பியும் ஏலக்காய் பன்னும் வைத்தான். பன் வைத்தான் என்றால் ஏதோ கேட்கப்போகிறான் என்று அர்த்தம்.

"நாப்பது புது வில் வாங்கிட்டோம் ரௌனி. பிள்ளைங்க குதிக்கப்போகுதுங்க."

"பழசுக்கு என்ன கேடு?"

"பழசுல பிசின் இருக்கு." அவன் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "புதுசுல பூசாத. அவ்வளவுதான். பிள்ளைங்க மேடையில இருப்பாங்க, வில்லும் ஆடும். ரேடியோவுக்குக் குழுவோட சத்தம் மட்டும் போகும்."

அவள் தன்னால் முடியாது என்றாள். பிள்ளைகளை விட்டுவிட்டுக் கச்சேரி நடத்திக்கொள்ளுங்கள் என்றாள். பிள்ளைகள் இல்லாவிட்டால் மன்றம் எதைப் பார்த்துக் கை தூக்கும் என்று அவன் கேட்டான். அப்படியே வாசிக்க விடு என்றாள். அந்தச் சத்தம் ஒலிபரப்பானால் அதோடு தன் பெயர் வரக்கூடாது என்று நடத்துநர் சொல்லிவிட்டாராம்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு," என்றான் இல்போ. "ஆனா அடுத்த வருஷம் அந்தப் பிள்ளைங்க கையில வயலினே இருக்காது. அதையும் சேர்த்து யோசி."

வெளியே வந்தவள் பழைய பக்கத்து நாற்காலிக்காரன் தைஸ்தோவிடம் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நாம மட்டும் என்ன? கஷ்டமான இடம் வந்தா வரிசையில பாதிப் பேர் வில்லத் தந்தியில படாமத்தான் ஆட்டுறோம். இதுங்க சீக்கிரமே கத்துக்கப்போகுதுங்க, அவ்வளவுதான்."

ரௌனி மூன்று நாள் யோசித்தாள். அம்மாவின் கடைசி வருடங்களில் மாத்திரையைப் பொடித்துக் கூழில் கலந்து ஊட்டியவள் அவள்தான். அம்மாவுக்குத் தெரியாது, அம்மாவுக்கு நல்லதும் கூட. இதுவும் அப்படித்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அடுத்த வருடம் வரும் பிள்ளைகளுக்கு வயலின் கிடைக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் மட்டும் சத்தம் இல்லாமல் போகும். கணக்கு சரியாகத்தான் வந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

கச்சேரி நாள் காலை, கடைசி ஒத்திகைக்கு முன்னால், புது வில்களைக் கொடுத்தாள். மயிர் பனி போல வெளுத்திருந்தது. பிள்ளைகள் வாளைப் போலச் சுழற்றினார்கள். வில்யா என்ற பெண், எதையும் இரண்டு தரம் கேட்பவள், கையை நீட்டினாள்.

"பிசின், டீச்சர்?"

"பூசியாச்சு."

வில்யா வில்லைச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். பிசின் தேய்த்தால் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். பார்த்துவிட்டு வரிசைக்குப் போனாள்.

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. ரௌனி மேடையின் ஓரத்தில் நின்று பிள்ளைகளின் முழங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வில்லும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. யாரும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழுவின் சத்தத்தில் தங்கள் வயலின் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள் போலும் என்று அவள் மூச்சு விட்டாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நகரமன்றத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகளின் கள்ளமில்லாத நாதம் என்று ரேடியோக்காரர் சொன்னார். மறு வாரம் மன்றம் மூன்று வருடத்துக்குப் பணம் ஒதுக்கியது. எதிர்த்து ஒருவர் கூடக் கை தூக்கவில்லை. இல்போ ரௌனிக்குப் பூங்கொத்து அனுப்பினான். அவள் அதை மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த பாடத்துக்குப் பிசின் கட்டிகளை எடுத்துக்கொண்டு போனாள். பணம் வந்துவிட்டது, இனி உண்மையைச் சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை. பிள்ளைகளை உட்காரவைத்து, தான் நின்றுகொண்டே சொன்னாள்.

"கச்சேரி அன்னிக்கு உங்க வில்லுல பிசின் இல்ல. பூசியாச்சுன்னு நான் சொன்னது பொய்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியும், டீச்சர்," என்றாள் வில்யா.

"எப்ப தெரியும்?"

"காலையிலயே. இழுத்ததும் வழுக்கிட்டுப் போச்சு. எல்லாருக்கும்."

"ஏன் கேக்கல?"

"மத்தியானம் வீட்டுக்குப் போனப்ப அம்மாகிட்ட சொன்னேன். பெரியவங்களுக்கு முக்கியமான நாள், கெடுத்துடாத, டீச்சர்கிட்டயும் கேக்காத, பாவம், சங்கடப்படுவாங்கன்னு சொன்னாங்க."

பின்வரிசையில் யூசோ எழுந்து நின்றான். "நான்தான் நல்லா நடிச்சேன். கண்ண மூடிக்கிட்டுத் தலைய ஆட்டினேன், அந்த மொதல் வயலின் அங்கிள் மாதிரி. எங்க தாத்தா அழுதுட்டாரு." அவன் செய்து காட்டினான். வகுப்பே சிரித்தது. ஆளாளுக்கு அன்றைக்குத் தாங்கள் முகத்தை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று காட்டத் தொடங்கினார்கள். எல்லோருமே நன்றாகச் செய்தார்கள்.

ரௌனி சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு, மே மாதப் பள்ளி விழாவில் நிஜமாகவே வாசிக்கப்போகிறோம் என்றாள். பிசின் கட்டிகளைக் கொடுத்து, வரிசையில் கைமாற்றச் சொன்னாள். சிலர் புது வில்லில் தேய்த்தார்கள்; சிலர் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிட்டார்கள். உருப்படியை முதலிலிருந்து வாசித்தார்கள். தேய்த்தவர்களின் வயலின்கள் கீச்சிட்டன. முன்வரிசையில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், ஒருத்தி தோளால் காதை மூடிக்கொண்டாள்.

"அன்னிக்குத்தான் நல்லா இருந்துச்சு," என்றாள் வில்யா. கேலியாகச் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொன்னாள்.

இன்னொரு தரம் என்றாள் ரௌனி. பிள்ளைகள் வயலினைத் தோளில் வைத்து, முதுகை நிமிர்த்தி, அவள் கையைப் பார்த்தார்கள். கை இறங்கியதும் எல்லா வில்லும் ஒன்றாக அசைந்தன, தந்தியில் படாமல், ஒரு மயிரிழை மேலே.