பூவிழி கவிழ்த்த கூடை

எங்கள் ஊரில் தலை என்பது சுமை தூக்குவதற்கு. அடிபட்டால், ரத்தம் வரவில்லையா, வீக்கம் வற்றிவிட்டதா, சும்மாடு வை, கூடையைத் தூக்கு. மரக்காணம் உப்பளத்து வைத்தியம் அவ்வளவுதான்.

என் மச்சான் இருசப்பனின் மகள் பூவிழி ஒன்பதாவது படித்தாள். 2005 பொங்கல் கழிந்து, பள்ளியில் கோ-கோ ஆடும்போது கம்பத்தில் தலையை மோதிக்கொண்டாள். கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தாள். பிறகு வீட்டுக்கு வந்து மீன்குழம்பு சாப்பிட்டாள். சாப்பிட்டவளுக்கு என்ன நோய்?

அப்புறம்தான் வம்பு. புத்தகத்தைத் திறந்தால் தலைவலி. காலையில் படித்தது மதியம் காணோம். நன்றாகப் படித்த பெண் பெயிலாகிற அளவுக்கு வந்தாள். வாத்தியார் திமிர் என்றார். அம்மா ஆண்டாள் மிளகாய் சுற்றிப் போட்டாள்.

"நடிக்குது மச்சான்," என்றான் இருசப்பன். "லீவுல அளத்துக்கு இட்டாறேன். ஜூன்ல ஸ்கூலு வேணாம்."

மே மாதம் நான் மேஸ்திரியாக இருந்த அளத்துக்கே கூட்டி வந்தான். வெயிலில் உப்பு பளீரென்று அடித்தது.

"ப்பா, கண்ணு கூசுது. தலை வலிக்குது."

"எங்களுக்கெல்லாம் இன்னா, கோலிகுண்டா வச்சிருக்கு? நட."

வாரிய உப்பைக் கரைமேல் குவித்திருக்கும் அம்பாரத்தில் கொட்ட வேண்டும். பூவிழி பாதி வரப்பில் நின்றாள். இப்படியும் அப்படியும் பார்த்தாள். கூடையைப் பக்கத்துப் பாத்தித் தண்ணீரில் கவிழ்த்துவிட்டு, சும்மாட்டை உதறிக்கொண்டு திரும்பினாள்.

அளமே வேலையை நிறுத்திவிட்டது. படு சோம்பேறி கூடையைப் போட்டுவிட்டு ஓடுவான். வாரின உப்பைத் தண்ணீரில் கொட்ட மாட்டான்.

"எங்கம்மா கொட்டின?" இருசப்பனின் குரல் இறங்கியிருந்தது.

அவள் அம்பாரத்தைக் காட்டினாள்.

"டேய், இது நடிப்பு இல்லடா," என்றேன். "கெளம்பு."

பாண்டிச்சேரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மூளை குலுங்கியிருக்கிறது, அது படத்தில் தெரியாது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். சுமை கூடாது, வெயில் கூடாது. படிப்பை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கட்டும் என்றார்.

"உள்ள மூளை இருக்குதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. உனக்கும் ஒரு படம் எடுத்துரலாமா?" என்று கேட்டேன். இருசப்பன் சிரிக்கவில்லை.

ஜூனில் அவனே பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டான். அடுத்த வருஷம் பத்தாவது தேறினாள். பழைய மார்க் வரவில்லை. இப்போதும் சில நாள் பேசும்போது பாதியில் வார்த்தை தொலைந்து நிற்பாள். அளத்துப் பக்கம் வந்தால் கறுப்புக் கண்ணாடி, சினிமாக்காரி மாதிரி. ஆனாலும் நடிக்கிறாள் என்று சொல்ல யாருக்கும் தைரியமில்லை. இருசப்பன் கையில் உப்பு இழுக்கும் வாருபலகை இருக்கிறது.

ஆண்டாள் மகளுக்குப் பூ வைத்துவிட்டால்கூட அவனுக்குப் பொறுக்காது.

"கொஞ்சமா வைடி. கனக்கப் போவுது."